பெயரும் முகமும்

ஒருவனை இன்னான் என்று உறுதி செய்வது எது? பெயரா, முகமா, அவன் வகித்த நிலையா? தத்துவ நூல்கள் நெடுங்காலமாக ஆய்ந்துவரும் இவ்வினாவை, ஜப்பானியச் சிறுவர் விளையாடிய அட்டையொன்றும் எழுப்புகிறது என்றால் அன்பர்கள் வியக்கக்கூடும்.

மென்கோ என்பது அவ்வட்டையின் பெயர். தடித்த தாளில், வட்டமாகவோ நீள்சதுரமாகவோ அச்சிடப்பெற்றது. தரையில் கிடக்கும் எதிரியின் அட்டைக்கருகே தன் அட்டையை ஓங்கியடித்து, அதனைப் புரட்டிவிடுபவன் வென்றவன். புரண்ட அட்டையும் அவனுக்கே. ஆதலின் முனை மழுங்காத பழைய அட்டை பெரும்பாலும் விளையாடப்படாத அட்டையே. சுமோ மல்லர்களின் உருவம் தாங்கிய மென்கோக்கள் 1950களில் பெருவழக்காயிருந்தன. பலவற்றில் கல், கத்தரி, காகிதம் என்னும் கைவிளையாட்டுக் குறிகளும் இலக்கங்களும் உண்டு. அச்சிட்ட ஆண்டு பெரும்பாலும் இராது.

எனவே இவற்றைத் தொகுப்போர், மல்லனின் பெயரையும் தரநிலையையும் கொண்டே காலத்தைக் கணிக்கின்றனர். பன்சுகே எனும் தரவரிசைப் பட்டியல் ஒவ்வொரு போட்டித் தொடருக்கும் புதிதாக வெளியிடப்படும். 1958 முதல் ஆண்டுக்கு ஆறு தொடர்கள். ஓசெகி என்னும் இரண்டாம் உயர்நிலையில் நிற்பவனும் தொடர்ந்து தோற்றால் கீழிறங்குவான். யோகோசுனா என்னும் முதல்நிலை எய்தியவனுக்கோ இறக்கமில்லை. திறன் குன்றினால் ஓய்வு பெறுவதொன்றே வழி. பணிமூப்பும் பதவியிறக்கமும் அறிந்த எம்போன்ற அரசு எழுத்தர்க்கு இவ்விதியின் கடுமை எளிதில் விளங்கும்.

சிக்கல் பெயரில்தான். வகனோஹனா என்ற பெயரில் மூன்று யோகோசுனாக்கள் விளங்கினர். முதல்வர் 1958-இல் 45ஆம் யோகோசுனா ஆனார். அவருடைய மாணவர் வகமிசுகி என்ற பெயரில் மற்போர் செய்து, 1978-இல் 56ஆம் யோகோசுனாவாக உயர்ந்தபோது ஆசானின் பெயரை ஏற்றார். மூன்றாமவர் முதல்வருடைய தம்பியின் மகன். வகஹனடா என்றிருந்தவர் 1993-இல் அப்பெயரைச் சூடி, 1998-இல் 66ஆம் யோகோசுனா ஆனார். முதல்வரே தொடக்கத்தில் தம் பெயரின் நடுவிலுள்ள 'னோ'வை ஒரே கோடாக அமைந்த அசையெழுத்தால் எழுதிப் பின்னர்ச் சீன எழுத்துக்கு மாறியவர். அந்த ஓரெழுத்தைக் கண்டே அட்டையின் முன்பின் அறியலாம்.

ஆக, முகம் மூன்றுக்குப் பெயர் ஒன்று; முகம் ஒன்றுக்குப் பெயர் இரண்டு. அங்கே பெயர் தனியுடைமையன்று, சிறிது காலம் காத்துப் பின்னவனிடம் ஒப்படைக்கும் பொருள். பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்றழைத்த நம் மொழிக்கு இக்கருத்து அயலன்று.

புகழ்பெற்ற பெயர்கள் இவ்வாறு கைமாறி வாழ்கின்றன. எவரும் ஏற்க முன்வராத பெயரையுடையவன் நிலை என்ன? சில தொடர்கள் மட்டும் நின்று, பின் ஊர் திரும்பிய மல்லன் ஒருவனது அட்டையில் பெயர் தேய்ந்துபோயிற்று என்று கொள்வோம். முகச்சாயலை மட்டும் நம்பி, புகழாளன் ஒருவனது பெயரை அதற்குச் சூட்டிவிடும் ஆசை தொகுப்பாளனுக்கு எழுவது இயல்பே. விலையும் கூடுமன்றோ? வாங்குபவன் ஏமாற்றப்படுவது வெளிப்படையான தீங்கு. அதனினும் பெரிய தீங்கு அட்டையில் நிற்பவனுக்கு இழைக்கப்படுகிறது. அவன் உலகில் இருந்தமைக்கு எஞ்சிய சில தடயங்களுள் ஒன்று பிறனுக்கு உரியதாகிவிடுகிறது.

மறைந்தவனுக்கு நட்டம் ஏது, ஒரு காகிதத் துண்டுக்கு இத்தனை வழக்கா என்று கேட்போர் உண்டு. அவ்வாதத்தை யான் ஏற்கேன். நட்டத்தை உணர ஒருவன் இல்லாமையால் பொய் மெய்யாகிவிடாது. அலுவலகக் கோப்பில் தவறான பெயர் ஏறினால் உரியவர் நேரில் வந்து முறையிடுவார். நாமும் திருத்தி எழுதுவோம். அட்டையில் நிற்பவன் முறையிட வாரான். அவன் பொருட்டு நாம் கொள்ள வேண்டிய கவனம் அதனாலேயே மிகுகின்றது.

இத்தகைய அட்டையில் தரநிலை தெரிந்தால் அதனை எழுதலாம். கைக்குறியும் இலக்கமும் தெரிந்தால் அவற்றையும் குறிக்கலாம். அதே அச்சுத் தொகுதியைச் சேர்ந்த மற்றோர் அட்டை, பெயர் தேயாமல், என்றேனும் எவருடைய பெட்டியிலிருந்தேனும் வெளிப்படக்கூடும். அதுவரை பெயருக்குரிய இடத்தில் ஒன்றும் எழுதாமலே வைத்திருக்கலாம்.