பணையம் கேட்டல்

சூது இழிந்தது என்பதனைச் சைவ நன்மக்களுக்கு யாம் எடுத்துரைத்தல் வேண்டா. திருவள்ளுவனார் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தருளினர். ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது அதனின் வேறாயதொன்று. ஆடுதல் தவறேயாயினும், ஆடி முடிந்தபின், வென்றவன் தோற்றவனிடத்துப் பணையத்தைக் கேட்டற்கு உரியனோ? தோற்றவன் அதனைக் கொடுத்தற்குக் கடவனோ? இவ்விரண்டும் ஒரு வினாவின் இரு புறங்களே என்று யாமும் நெடுநாள் எண்ணியிருந்தேம். அங்ஙனம் எண்ணி யாம் கூறிய தீர்ப்பொன்று ஒரு குடும்பத்திற்கு இடராய் முடிந்தமையின், அதனை மறைத்தல் தகாதெனக் கருதி இதனை எழுதுகின்றேம்.

யாம் வாழ்வது பழுப்பு நிலக்கரி எடுக்கும் நெய்வேலி நகரின்கண். ஞாயிறுதோறும் எம்மிடம் பெரியபுராணம் பாடங் கேட்கும் இளைஞர் ஒருவர் சுரங்கத்தில் நிலையான பணியில் உள்ளார். நகரை ஒட்டிய கடைத்தெருவொன்றில், பச்சைத் துணி விரித்த பில்லியர்ட்சு மேசைகள் இட்ட கூடம் ஒன்றுண்டு. அங்கே ஒரு சம்பள நாளன்று இரவு, ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரோடு இவ்விளைஞர் பணையம் வைத்துப் பந்தாடினார். முதல் இரண்டாட்டத்திலும் தோற்று 1,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக வென்றார். மேசை விளக்கை அணைக்கும்போது அவருக்கு வரவேண்டிய தொகை 12,000 ரூபாயாக நின்றது.

அவர் எம்மிடம் வந்தது தீர்ப்பு வேண்டியன்று, ஒப்புதல் வேண்டியே. "ஐயா, நான் எனக்காகக் கேட்கவில்லை. கார்த்திகை மூலத்தில் மூர்க்க நாயனார் குருபூசைக்கு மாகேசுவர பூசை செய்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். தோற்றவர் கையில் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நாயனார் பொறுத்தாரா?" என்றார். யாம் தோற்றவரை வருவித்தேம். அவர் ஆடியதையும் மறுத்திலர், தொகையையும் மறுத்திலர். "ஐயா சொல்கிறபடி" என்று நின்றார். யாம் வாய்மையைக் குறித்துச் சிறிது பேசி, "சொன்ன சொல்லைக் காத்துக்கொள்ளும்" என்று முடித்தேம். பேசியது நன்றாயிருந்தது என்று அன்று எமக்குள் நினைத்துக்கொண்டதையும் ஒளியாது எழுதுகின்றேம்.

பதினைந்து நாளில் பணம் வந்தது. பூசை நடந்தது. அடியார்களோடு யாமும் இலையில் அமர்ந்து உண்டேம். நான்காம் நாள், தோற்றவர்தம் மனைவியார் எம் இல்லத்து வாயிலில் வந்து நின்றார். சினந்து ஒன்றும் சொன்னாரில்லை. "ஐயா, வாக்கு அவர் கொடுத்தது. வளையல் எங்கள் அம்மா எனக்குப் போட்டது. அவர் வாக்குக்கு என் வளையல் எப்படிப் போகும்?" என்று கேட்டார். யாதும் கூற எமக்கு வாயெழவில்லை. தன்னைத் தோற்ற பின்னரோ என்னைத் தோற்றார் என்று திரௌபதி அவையில் வினவியதும், அறத்தின் நெறி நுண்ணிது என்று வீடுமர் அமைந்ததும், அவ்வம்மையார் படியிறங்கிச் சென்ற பின்னரே எம் நினைவுக்கு வந்தன. பாரதத்தைப் பல்லாண்டு பாடஞ் சொல்லியும் உரியபொழுதில் உதவாத கல்வி எம்முடையது.

இனிப் பொருளை ஆராய்வாம். முதற்கண் அரசியற் சட்டம் இதில் யாது கூறும் எனின், 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30 ஆம் பிரிவில், பந்தய உடன்பாடு செல்லாது என்றும், அதில் வென்றதாகச் சொல்லும் பொருளை மீட்க வழக்குத் தொடுத்தல் இயலாது என்றும் விதிக்கின்றது. 500 ரூபாய்க்குக் குறையாத குதிரைப்பந்தயப் பரிசுக்கென இடும் தொகையை மட்டும் அது விலக்கிற்று. எனவே, வென்றவன் முறைமன்றத்துக்குப் போயின் வெறுங்கையனாகவே மீள்வன். ஆயினும், செல்லாதது வேறு, குற்றமாவது வேறு. கோதுமைப் பேரத்தில் கூட்டாகப் பந்தயம் வைத்து நட்டமடைந்த இருவருள், முழு நட்டத்தையும் கொடுத்துத் தீர்த்த ஒருவர், மற்றவர் மறுத்த பங்கைக் கேட்டு வழக்காடினர். 1959 இல் உச்சநீதிமன்றம், பந்தயம் செல்லாததேயாயினும் சட்டத்தால் தடுக்கப்பட்டதன்று என்று கொண்டு, அப்பங்கினைக் கொடுக்கவேண்டும் எனத் தீர்த்தது. கெருலால் பாரக் வழக்கென்பது அதன் பெயர். சட்டம் வென்றவனுக்குக் கை கொடுக்கவில்லை; கொடுத்துத் தீர்த்தவனை இகழவும் இல்லை. இந்நிலை எமக்குப் பொருத்தமாகவே தோன்றுகின்றது.

மிருதிகள் இதில் ஒருமித்தன அல்ல. மனு சூதாடுவோரை நாட்டினின்றும் அகற்றுக என்பர். யாஞ்ஞவற்கியரோ, அரசன் ஆணையால் நடக்கும் சூதவையில், அவைத்தலைவன் தோற்றவனிடம் பெற்று வென்றவனிடம் சேர்ப்பிக்க என்பர். ஆண்டும் தண்டுபவன் வென்றவனல்லன் என்பது கருதற்பாலது. எமக்கு இன்றியமையாதது மனுவின் வேறொரு விதி: தந்தை சூதிற்பட்ட கடனை மகன் தீர்க்கக் கடவனல்லன் என்பதாம். தந்தையின் பிற கடன்கள் பலவற்றைத் தீர்த்தல் மகனுக்கு அறமாகவும், இஃது ஆகாதது ஏன்? பிற கடனில் ஒரு பொருள் வீட்டிற்குள் வந்தது. அதன் பயனை மக்களும் துய்த்தனர். சூதுக்கடனில் உள்ளே வந்ததொன்றுமில்லை. அஃது ஆடியவன் நாவினின்றும் பிறந்து அவன் ஒருவனையே பற்றி நிற்பது. மகனுக்கே செல்லாத கடன் மனைவியின் வளையலுக்கு எங்ஙனம் செல்லும்? இதனை அறிந்திருந்தும், "உம்முடைய உழைப்பில் வருவதைக் கொண்டு, கூடும்போது கொடும்" என்று ஒரு சொல் சேர்த்துக் கூறாமற் போனேம்.

அற்றேல், பந்தாட்டம் சூதன்று, பயிற்சியால் வெல்வது. ஆகலின் அதன் பணையம் உழைப்பின் கூலியே எனின், இதனையும் அவ்விளைஞர் கூறினார். 1930 ஆம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டமே முற்றும் திறமையால் ஆகும் ஆட்டங்களைத் தன் தண்டத்தினின்று விலக்கிற்று என்பதும் உண்மையே. ஆனால் அவ்விலக்கு, ஆடுவோனைச் சிறையினின்று காப்பதன்றிப் பணையத்தைக் கடனாக்குவதன்று. இணையவழிப் பண ஆட்டங்களைப் பொறுத்தவரை, திறமை, தற்செயல் என்னும் வேறுபாட்டையே 2025 ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் நீக்கிவிட்டது. அன்றியும், மேசைப் பந்தாட்டத்தின் வரலாற்றை நோக்குக. வெள்ளையர் படைவீரர் இந்நாட்டில் ஆடிய பழைய வகையொன்றில், ஒவ்வொருவரும் பணையத்தைப் பொதுவில் இட்டு, ஆளுக்கொரு நிறப்பந்தும் மூன்றுயிரும் பெற்று ஆடுவர். உயிர் எஞ்சி நின்றவர் பொதுப்பணத்தை எடுத்துக்கொள்வர். இத்தகைய ஆட்டங்களினின்றே 1875 இல் சபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் படைத்தலைவர் சுனூக்கரை அமைத்தனர் என்பர். அதன் விதிகள் 1882 இல் நம் உதகமண்டலத்து மன்றத்திலே எழுதி வைக்கப்பட்டன. ஆகவே திறமையும் பணையமும் அங்கே ஒருங்கே வளர்ந்தன. பின்னர்ப் பணையம் நீங்கவும் ஆட்டம் குன்றவில்லை. 1958 இல் வில்சன் சோன்சு பில்லியர்ட்சில் உலகப் பட்டம் பெற்றது தோற்றவர் பையைக் கொண்டன்று. பரிசில் கொடுப்பவன் மகிழ்ந்து கொடுக்கின்றான். பணையம் கொடுப்பவன் தான் பெறலாமென்று வைத்ததை இழக்கின்றான். திறமைக்குக் கூலி கொடுத்தவர் எவரும் அக்கூடத்தில் இலர். மேலும் முதல் இரண்டாட்டமும் தாம் வேண்டுமென்றே தோற்றதாக அவ்விளைஞரே பின்னர் எம்மிடம் ஒப்புக்கொண்டனர். அதுவும் ஒரு திறமையே. எத்தகைய திறமை என்பதை யாம் கூறவேண்டுவதில்லை.

இனி, வெற்றி தோல்விகள் பிராரத்தத்தின் வழி வருவன. இறைவன் ஊட்டிய பயனை வேண்டாவென விடுதல் எற்றுக்கு எனின், கூறுதும். கன்மம் சடமாதலின் இறைவனே அதன் பயனைக் கூட்டுவிக்கின்றான் என்பது சித்தாந்தம். ஆயின், கூட்டுவிக்கப்படுவது இன்பதுன்ப நுகர்ச்சியே, உரிமையன்று. கள்வன் உண்ணும் சோறும் பிராரத்தத்தாலேயே வருவது. அதனால் அச்சோறு அவனதாகிவிடுமோ? பந்து குழியில் வீழ்ந்தது பழவினையாகுக. மறுநாட் காலை தோற்றவன் வாயிலில் நின்று "எடு பணத்தை" என்பது பழவினையன்று. அப்பொழுது ஈட்டும் ஆகாமியம். தோற்றவன் "தருவேன்" என்றதும் அவனது ஆகாமியமே; ஆதலால் அச்சொல் அவனைக் கட்டுகின்றது. ஆனால் ஒருவன் தன்னைக் கட்டிக்கொண்ட கயிற்றின் மறுமுனை மற்றவன் கையில் இருந்தே தீரவேண்டும் என்னும் நியதியில்லை. தருமன் சொற்காத்துக் காடு புகுந்தான். அதனால் நாடு துரியோதனனுக்கு அறத்தாற் கிடைத்ததென்று எந்நூலும் கூறிற்றிலது.

எஞ்சியது மூர்க்க நாயனார் வரலாறு. இதுவே இப்பொருளில் அரிய இடம். திருவேற்காட்டில் வேளாண் குடியில் தோன்றிய அப்பெரியார், அடியார்க்கு அமுதளித்தே உள்ளன எல்லாம் செலவாகிவிட, முன்கற்ற சூதினால் பொருளீட்டினர். தம்மூரில் எதிராடுவார் இல்லாமையின் பதிகள் தோறும் சென்று குடந்தை எய்தினர். கொடுக்க மறுத்தவரைச் சுரிகை உருவிக் குத்தினர். பணையம் கேட்டல் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

அரனடிக்கு அன்பர் செய்யும் தீவினையும் அறமாம் என்று சிவஞான சித்தியார் கூறியதைக் காட்டி, இதனைக் கடந்து போவார் பலர். அவ்விடை உண்மையே; ஆயினும் விரைந்து சொன்னால் எவரும் தம்மை அன்பர் பட்டியலில் எழுதிக்கொள்வர். தந்தையின் தாளைத் தடிந்த சண்டேசுரரைக் காட்டி ஒருவன் தன் தந்தையை அடிக்கப் புகுவதும் அத்தகையதே. ஆதலின் சேக்கிழார் சொற்களையே நின்று நோக்குதல் நன்று. முதற்கண், நாயனார் முன்னாடிய சூதில் தாம் தோற்று முதற்பணையத்தை எதிரி கொள்ள விட்டனர். அது வலையாக இட்டதென்று சேக்கிழார் வெளிப்படக் கூறிற்றிலர். அடுத்து, வென்ற பொருளை அமுதாக்குவார் எடுத்துக்கொண்டனரேயன்றி, நாயனார் தம் கையால் தீண்டிலர். உண்டபோதும் கடைப்பந்தியிலேயே உண்டனர். எம் மாணாக்கரோ பணத்தை எண்ணி வாங்கினர்; பூசை அழைப்பிதழில் உபயகாரர் என்று தம் பெயரையும் அச்சிடுவித்தனர். இவற்றினும் மேலானதொன்று: சுரிகை சென்றது மறுத்தார்மேல் என்பதே சேக்கிழார் வாக்கு, மாட்டாதார்மேல் என்பதன்று. மறுத்தலாவது, கையில் வைத்துக்கொண்டு இல்லையென்றல். மாட்டாமையாவது, இல்லாததனால் இல்லையென்றல். சுரிகையைக் காணும் நாம் அச்சொல்லைக் காணாது போகின்றேம். எம்முன் நின்ற தொழிலாளர் ஒருபொழுதும் மறுத்தவரல்லர்.

உண்ட அடியார்க்குக் குற்றமுண்டோ எனின், அறியாது உண்டார்க்கு இல்லை. யாம் அப்பணம் வந்த வழியை அறிந்தே, முதற்பந்தியில், இரண்டாம் முறை பாயசமும் கேட்டு உண்டேம்.

வளையல்கள் அடகுக்கடையில் உள்ளன. இவ்வளவும் யாம் எடுத்துக்கூறியபோது அவ்விளைஞர் வாதாடவில்லை. முதலிரண்டு ஆட்டத்தைப் பற்றி அப்பொழுதே வாய் திறந்தனர். மாதந்தோறும் சம்பள நாளில் 1,000 ரூபாய் அவர் கட்டுகின்றார். எம் ஓய்வூதியத்தினின்றும் 500 ரூபாய் யாம் கட்டுகின்றேம். தோற்றவரும் தம்மால் இயன்றதைக் கொடுக்கின்றார். வேண்டாவென்றால் அவர் கேட்பதில்லை. வைகாசிக்குள் மீட்டுவிடலாம் என்று கடைக்காரர் கணக்குரைத்தனர். வட்டி கூடுமோ என்று அவ்வம்மையார் ஒருமுறை வந்து கேட்டுச் சென்றார்.