மெய்யெண்களும் அடுக்குக்குறிச் சார்பும்
மெய்யெண்களைப் பற்றிய உண்மைகள் யாவும் பட்டியலிடத்தக்க அடிகோள்களிலிருந்து கிடைக்குமா என்பது கணிதத் தத்துவத்தின் ஆழமான கேள்வி. கூட்டல், பெருக்கல், வரிசை மட்டுமே உள்ள முதல்நிலை மொழியில் (எண்கணங்களை விட்டுத் தனி எண்களைப் பற்றியே பேசும் மொழியில்) கிடைக்கும் என்று ஆல்ஃபிரட் டார்ஸ்கி நிறுவினார். அம்மொழியின் எந்தக் கூற்றும் மெய்யா பொய்யா என்று தீர்மானிக்கும் அவரது செயல்முறை 1948-இல் வெளியானது.

அடுக்குக்குறிச் சார்பைச் சேர்த்தாலும் இது நிலைக்குமா என்றும் அவர் கேட்டார். சைன் சார்பைச் சேர்த்தால் நிலைக்காது: அது சுழியாகும் இடங்களைக் கொண்டு முழு எண்களை வரையறுத்துவிடலாம், முழு எண்களின் உண்மைகள் யாவையும் பட்டியலிடத்தக்க எந்த அடிகோள்களும் தரா என்னும் கேடலின் முழுமையின்மையும் உடன் வந்துவிடும். அடுக்குக்குறிச் சார்பில் சைனைப் போன்ற அலைவு இல்லை. அதைச் சேர்த்த கோட்பாட்டில் ஒவ்வொரு வாய்பாடும் ‘இத்தகைய எண்கள் உண்டு’ என்னும் வடிவத்துக்குச் சுருங்கும் என்பதை அலெக்ஸ் வில்கியின் 1996-ஆம் ஆண்டுக் கட்டுரை நிறுவியது. அடுக்குக்குறிச் சார்பின் மதிப்புகளைப் பற்றிய ஷானுவெலின் ஊகம் உண்மையானால் தீர்மானிக்கும் செயல்முறையும் உண்டு என்று ஆங்கஸ் மக்கின்டயரும் வில்கியும் காட்டினர். அவ்வூகம் இன்னும் நிறுவப்படவில்லை. உண்மை திட்டவட்டமாக இருப்பது வேறு. அதை எட்டும் வழி கைவசம் இருப்பது வேறு.