கண்டதும் காணாததும்

ஒருவன் தன் கண்ணெதிரே நின்ற உண்மையைக் காணத் தவறுவானாயின், அத்தவறு கண்ணினுடையதா, அன்றி அவனுடையதா? சாட்சி சொல்ல வருபவன் பொய் சொல்லாதிருந்தாற் போதும் என்றே நாம் பெரும்பாலும் கருதுகின்றோம். தான் கண்டதை அவன் எவ்வாறு கண்டான் என்று கேட்பதில்லை. இவ்வினாவை எனக்குள் எழுப்பியது ஒரு மெய்யியல் நூலன்று. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த 'புரொபோந்தோ ரொஸ்ஸோ' என்னும் இத்தாலியத் திரைப்படமாகும். 'ஆழ்ந்த சிவப்பு' என்பது அத்தலைப்பின் பொருள். இயக்கியவர் டாரியோ ஆர்ஜெந்தோ.

இத்தாலிய மொழியில் 'ஜாலோ' என்றால் மஞ்சள். மொண்டதோரி பதிப்பகத்தார் 1929 முதல் மஞ்சள் அட்டையிட்டு வெளியிட்ட துப்பறியும் நாவல்களால் அப்பெயர் அவ்வகைக் கதைகளுக்கும், பின்னர் அவ்வகைப் படங்களுக்கும் ஆகிவந்தது. குருதி மலிந்த அத்தகைய படமொன்றை அறவிசாரணைக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரலாம். முடிவைச் சொல்லாமல் இப்படத்தைப் பேச இயலாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பியானோக் கலைஞனான மார்க், ஓரிரவு வெறிச்சோடிய சதுக்கமொன்றில், குடிபோதையிலிருக்கும் நண்பன் கார்லோவுடன் பேசிக்கொண்டிருக்கிறான். எங்கிருந்தோ ஓர் அலறல் கேட்கிறது. சற்று நேரத்தில், மேல்மாடிச் சாளரத்தில் ஒரு பெண் வெட்டுண்டு சாய்வதை மார்க் காண்கிறான். உதவிக்காக மேலே ஓடுகிறான். விநோதமான முகங்கள் தீட்டிய ஓவியங்கள் தொங்கும் நடைகூடமொன்றைக் கடந்தே அறையை அடைகிறான். பின்னர் அவனை ஓர் ஐயம் வாட்டுகிறது: அங்கிருந்த ஓவியங்களுள் ஒன்று இப்போது காணப்படவில்லை. காணாமற்போனது ஓவியமன்று என்பது இறுதியிலேயே தெரியவருகிறது. அது ஒரு கண்ணாடி. எழுதிய முகங்களுக்கிடையே அதில் தெரிந்தது கொலைஞரின் உயிருள்ள முகம்.

நம் சைவசித்தாந்த அளவையியலார் காட்சியை நுணுகி ஆராய்ந்தோர். 'ஏதோ ஒன்று உளது' என்ற அளவில் நிற்பதை நிருவிகற்பம் என்றும், பெயர், சாதி, குணம் முதலியவற்றோடு பொருத்தித் துணிவதைச் சவிகற்பம் என்றும் பகுத்தனர். ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிவது திரிபுக்காட்சி. மார்க்குக்கு நேர்ந்தது திரிபே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கயிற்றைப் பாம்பென மயங்கியவன் அஞ்சி ஓடுவான். முகத்தைப் படமென மயங்கியவனோ கலக்கமின்றி அதனைக் கடந்து போகிறான். பின்னது அல்லவா பெருந்தீங்கு?

விடுதி அறையில் நண்பர் நால்வருடன் கணினியில் இப்படத்தைப் பார்த்தேன். முடிவு வந்ததும் ஒருவர், "எங்களை ஏமாற்றிவிட்டார்கள், அந்த முகத்தை முதலில் காட்டவேயில்லை" என்று வாதிட்டார். பின்னோக்கி ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். முகம் அங்கே இருந்தது. சில கணங்களே எனினும், மறைப்பின்றி இருந்தது. நண்பர் பேசவில்லை; நாங்களும் பேசவில்லை.

ஏன் காணவில்லை? இவ்விடத்திலேயே படத்தின் வலிமை உள்ளது. கொலைஞர் கார்லோவின் தாய் மார்த்தா. மார்க் அவளுடைய வீட்டுக்குச் செல்லும்போது அவள் தன் பழைய நடிப்பு வாழ்வைப் பற்றிப் பேசுகிறாள். அவனை ஓயாது பொறியியலாளன் என்று தவறாக அழைக்கிறாள். அவனும் நாமும் அவளைச் சிரிப்புக்குரிய கிழவி என ஒதுக்கிவிடுகிறோம். அப்பாத்திரமேற்றவர் கிளாரா கலமாய். விஸ்கோந்தியின் 'ஒஸ்ஸெஸ்ஸியோனே' (1943) படத்தின் நாயகியாக விளங்கிய அவரும் அக்காலத்தில் மறக்கப்பட்டவரே. பெண்கள் மென்மையானவர்கள் என்று பேசும் மார்க், பத்திரிகையாளர் ஜியான்னாவுடன் கைம்மல்யுத்தம் செய்து தோற்கும் காட்சியும் வெறும் வேடிக்கையன்று. கொலைஞரை அவன் தன் மனத்துள் முன்கூட்டியே வரைந்துவிட்டான். அவ்வரைவில் முதியவளொருத்திக்கு இடமில்லை. எனவே சவிகற்பம் பிழைத்தது கண்ணாலன்று, அவன் பெண்ணை மதித்த முறையால். இப்படம் வெளிநாடுகளுக்கென வெட்டப்பட்டபோது 126 நிமிடங்களிலிருந்து பெரும்பாலும் நீக்கப்பட்டவை மார்க்–ஜியான்னா நகைச்சுவைக் காட்சிகளே. வெட்டியவர்களும் அவற்றின் பொருளைக் காணவில்லை போலும்.

பாழடைந்த மாளிகையில் மார்க் சுவரின் சாந்தைச் சுரண்டி, சிறுவனொருவன் வரைந்த கொலைச் சித்திரத்தைக் கண்டெடுக்கிறான். கத்தியேந்திய குழந்தை, குருதி சிந்தும் உடல். போதுமென எண்ணிப் போய்விடுகிறான். அவன் போனபின் எஞ்சிய சாந்து தானே உதிர, மூன்றாவது உருவமொன்று வெளிப்படுகிறது. கார்லோவே கொலைஞன் என அவன் முடிவுசெய்வதற்கும் இதே அவசரந்தான் காரணம். அலறல் எழுந்த வேளையில் கார்லோ தன் பக்கத்திலேயே நின்றான் என்பது, கார்லோ கோரமாக இறந்தபின்புதான் அவனுக்கு நினைவு வருகிறது. பொய்யே சொல்லாத ஒரு சாட்சி, குற்றமற்ற நண்பனைத் தன் மனத்துள் கொலைஞனாக்கி முடித்துவிட்டான்.

இவ்வளவு நுண்மையாகச் சிந்தித்த படம் தன் வினாவைத் தானே மறந்துவிடுகிறது என்பதே என் குறைபாடு. மார்த்தாவை மீண்டும் மனநோய் விடுதிக்கு அனுப்பக் கணவன் முற்படுகிறான். ஒரு நத்தார் நாளில், மகன் பார்த்திருக்க, அவள் அவனைக் கொல்கிறாள். அவளைப் பற்றி நமக்குத் தரப்படுவது அவ்வளவே. அக்கால இத்தாலியில் அவ்விடுதிகளின் கொடுமை பற்றி மருத்துவர் பிராங்கோ பசாலியா முதலியோர் கடுமையாகப் போராடிக்கொண்டிருந்தனர். 1978இல் 180ஆம் இலக்கச் சட்டம் அவற்றை மூட வழிசெய்தது. அவளுடைய அச்சம் காரணமற்றதன்று. அவளைக் காணத் தவறியதற்காக நம்மை நாணச் செய்த இயக்குநர், கண்டபின் அவளைப் 'பைத்தியம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார். அதுவும் சவிகற்பத்தின் பிழையே.

கொலைக் காட்சிகளின் நீளம் மற்றொன்று. கொதிநீரில் முகம் அமிழ்த்தப்பட்டு எழுத்தாளர் அமாண்டா இறக்கும் காட்சியில் ஒளிப்படக்கருவி கண்ணெடுக்க மறுக்கிறது. பேராசிரியர் ஜோர்தானியும் அவ்வாறே வதைபடுவதால், பெண்கள் மட்டுமே இலக்கு எனச் சொல்லவும் முடியாது. கையுறையணிந்த கொலைஞரின் கைகளாக அண்மைக் காட்சிகளில் வருபவை ஆர்ஜெந்தோவின் சொந்தக் கைகள். 'கொப்ளின்' குழுவினரின் இசையோ அக்கொடுமையை ஒரு கொண்டாட்டமாக்குகிறது. நானும் அவ்விசையை இரசித்தேன்; அதை மறைப்பது நேர்மையாகாது. பார்ப்பவனின் பொறுப்பைக் கேள்விக்குள்ளாக்கும் படம், இவ்விடங்களில் பொறுப்பின்றிப் பார்க்கும்படி நம்மை அழைக்கிறது. இரண்டையும் ஒரே கைகள் செய்திருப்பதை நான் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை.

இறுதியில் மார்க் குருதிக் குட்டையொன்றை உற்றுநோக்குகிறான். அதில் தெரிவது இம்முறை அவனுடைய முகம். அதன்மேல் எழுத்துகள் தோன்றி, நாம் இப்படத்தைக் 'கண்டோம்' என அறிவிக்கின்றன.