தீ மூட்டியவர் யார்?

பழைய பக்திக் கதையின் முடிவை மாற்றி, இக்கால நாடகமாக ஆக்குவது முறையாகுமா? முன்னோரை அவமதிப்பதாகாதா? இப்படிக் கேட்போர் உண்டு. நந்தனார் கதையைக் கொண்டே இதற்கு விடை தேடுவோம்.

தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் ஆதனூரில் பிறந்த நந்தனார், தில்லைக் கூத்தனைக் காண ஏங்கினார். இறைவன் கட்டளைப்படி தீயில் புகுந்து, பூணூல் அணிந்த முனிவராய் வெளிவந்து, அம்பலத்தில் மறைந்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியது இது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனைகளாக விரித்தபோது, சேக்கிழார் சொல்லாத ஒருவரைச் சேர்த்தார். அவர்தான் நந்தனாரைத் தில்லைக்குப் போகவிடாது தடுத்த எஜமானராகிய வேதியர். ஆகவே, கதையை மாற்றுவது இன்று வந்த வழக்கமன்று.

1978-இல் இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘நந்தன் கதை’ நாடகம் இன்னும் ஒரு படி சென்றது. அதில் தீ தெய்வக் கட்டளையன்று. மேல்சாதியார் கூடிச் செய்த சதி. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலிப் போராட்டத்தையொட்டி, 44 ஏழைகள் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். நாம் பாலன் பிறப்பைக் கொண்டாடிய அதே இரவுதான். அக்கொடுமையை முன்பே ‘குருதிப்புனல்’ என்ற நாவலாக்கியவரும் இவரே.

பழைய கதையைக் கேட்டவர் கண்ணீர் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினார். அவர்மேல் ஒரு குற்றமும் விழவில்லை. நந்தனார் தீயில் சுத்தமானார் என்றால், அவர் பிறப்பு அசுத்தமா? வாசலை மறித்தவர்களுக்கன்றோ சுத்தம் தேவைப்பட்டது! மறைந்த நந்தனாரைக் கும்பிட்டு, உயிரோடிருக்கும் நந்தனை வெளியே நிறுத்துவதற்கு வெளிவேஷம் என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

இறைவனின் அருளை இந்நாடகம் மறுக்கிறதே என்று சிலர் வருந்துவர். அவ்வருத்தம் பொய்யன்று. ஆனால் மனிதன் செய்யும் அநியாயத்தை இறைவன் கட்டளை என்று சொல்வது பக்தியாகுமா? அது தன் பழியை அவர்மேல் சுமத்துவதல்லவா?

தில்லையைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய ஊர்கள் நம்மிலும் உண்டு. நம் வீட்டில் வேலை செய்ய வருகிறவருக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுக்கிறோம்? இன்றிரவு சமையலறையில் போய்ப் பார்ப்போம்.