பயன்படாதவரைப் பேணுதல்

முதியோரைப் பேணும் கடமைக்கு அடிப்படை எது என்ற வினாவுக்குப் பெரும்பாலான சமூகங்கள் தந்துள்ள விடை, அது பெற்ற உதவிக்குச் செய்யும் கைம்மாறு என்பதே. பாலூட்டித் தூக்கம் கெட்டு ஆளாக்கியவர்கள் தளரும்போது அவர்களைத் தாங்குவது பிள்ளைகளின் பொறுப்பு என்பது கேட்ட மாத்திரத்தில் ஒப்பத்தக்கதாகவே இருக்கிறது. ஆயினும் அறத்தின் அடித்தளமாக இதை வைத்துப் பார்த்தால் இரண்டு இடங்களில் இடறுகிறது. வாங்கியதைத் திருப்பித் தருவதுதான் கடமை என்றால், அது என்றேனும் ஒருநாள் தீர்ந்துபோக வேண்டும். அதோடு, எதையும் கொடுத்திராதவர்கள், அதாவது பிள்ளை பெறாதவர்களும், பெற்றும் வளர்க்காமல் விட்டவர்களும், முதுமையில் எவரிடமும் எதையும் கோர முடியாதவர்களாகிவிடுவார்கள். கேளாமல் செய்த தியாகம் எவரையும் கடனாளியாக்காது, பெற்றோரிடம் அன்பு நிலவும்வரையே பிள்ளைகளுக்குப் பொறுப்பு உண்டு என்று அமெரிக்க மெய்யியலாளர் ஜேன் இங்கிலீஷ் 1979இல் வெளியான கட்டுரையொன்றில் வாதிட்டது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கைம்மாறு என்ற கருத்தை அதன் எல்லைவரை இழுத்துச் சென்றால் நேர்வது அதுதான்.

இந்த இடர்ப்பாடு பழைய பௌத்தத்துக்குத் தெரிந்தே இருந்தது. உரைகளை எண்ணிக்கை முறையில் அடுக்கியுள்ள பாலி நூலான அங்குத்தர நிகாயத்தில், தாயை ஒரு தோளிலும் தந்தையை மறு தோளிலும் நூறாண்டு சுமந்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அவர்கள் அங்கேயே மலசலம் கழித்தாலும் பொறுத்துக்கொண்ட மகனும்கூடப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து தீர்த்தவனாக மாட்டான் என்று புத்தர் சொல்வதாக ஓர் உரை உள்ளது. நம்பிக்கையற்ற பெற்றோரை நம்பிக்கையிலும், ஒழுக்கம் தவறியவரை ஒழுக்கத்திலும், கருமியை ஈகையிலும், அறிவற்றவரை அறிவிலும் நிலைநிறுத்துபவனே அக்கடனைத் தீர்த்தவன் என்று அவ்வுரை முடிகிறது. வீட்டைத் துறந்து வந்தவர்களுக்கு இது சற்று வசதியான தீர்வு என்ற ஐயம் எழுவது இயல்பு. தோளில் சுமப்பதைவிட உபதேசம் செய்வது எளிது. ஆனால் துறவியரின் நடத்தை விதிகளைக் கூறும் விநய பிடகம் இந்த வசதியை அவர்களுக்கு முழுமையாக விட்டுவைக்கவில்லை. அதன் மகாவக்கம் என்னும் பகுதி, தனக்குக் கிடைத்த ஆடையைத் தாய்தந்தைக்குக் கொடுக்கப் பிக்குவுக்கு அனுமதி அளிப்பதோடு, பேணுதலின் அடிப்படையையே மாற்றிவைக்கும் நிகழ்ச்சி ஒன்றையும் பதிவு செய்கிறது.

வயிற்றுப்போக்கால் நலிந்த பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடந்தார். தம் சீடர் ஆனந்தருடன் உறைவிடங்களைச் சுற்றிவந்த புத்தர் அவரைக் கண்டு, பணிவிடை செய்ய எவரேனும் உண்டா என்று வினவினார். இல்லை என்றார் அவர். ஏன் மற்றவர்கள் கவனிப்பதில்லை என்று கேட்டபோது, தம்மால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை, ஆகவே அவர்கள் கவனிப்பதில்லை என்று அவர் விடையளித்தார். அந்த விடையில் குற்றச்சாட்டின் சாயல் இல்லை என்பதே அதன் கொடுமை. கைவிடப்பட்டவர், தம்மைக் கைவிட்டவர்களின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டதாகத் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் முதியோர் பேச்சிலும் இதே கணக்கு ஓடுவதை எவரும் கேட்டிருக்கக்கூடும். ஆனந்தர் தண்ணீர் கொண்டுவர, புத்தர் அதை ஊற்ற, ஆனந்தர் அவரைக் கழுவினார். பின்னர் புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமுமாகப் பிடித்துத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். அதன் பின்னரே பிக்குகள் கூட்டப்பட்டனர். அவர்களைப் பேணத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஒருவரை ஒருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று கேட்ட புத்தர், தம்மைப் பேண விரும்புபவர் நோயுற்றவரைப் பேணட்டும் என்றும் கூறினார்.

அந்தப் பிக்கு முதியவர் என்று நூல் சொல்லவில்லை. எனினும் அவர் விடையைக் கேட்டபின் புத்தர் அவருடைய முந்தைய பயனை விசாரிக்கவில்லை என்பதும், அவர் யாருக்கு என்ன செய்தார் என்ற கேள்வியே எழவில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. பேணுதலுக்குரிய தகுதி அவர் கிடந்த நிலையிலேயே இருந்தது. இதை வெறும் கருணையாக விடாமல் விதியாகவும் ஆக்கியதில் விநயத்தின் கூர்மை தெரிகிறது: உபாத்தியாயர் இருந்தால் அவரும், ஆசிரியர் இருந்தால் அவரும், மாணவர் இருந்தால் அவரும் பார்க்க வேண்டும், எவரும் இல்லையென்றால் துறவியர் குழுவாகிய சங்கம் முழுவதும் பொறுப்பேற்க வேண்டும், தவறினால் துக்கடம் எனப்படும் சிறுகுற்றம் சாரும். உறவு முதலில் வருகிறது, ஆனால் உறவில்லாமை பேணாமைக்குக் காரணமாகிவிடுவதில்லை.

இந்தியாவில் 2007இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோர வழிசெய்யும் அச்சட்டம், பிள்ளையற்ற மூத்த குடிமக்கள் தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னர் அடையவிருக்கும் உறவினரிடமே கோரலாம் என்கிறது. பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாததாக்க அதன் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஏமாற்றப்பட்ட முதியவருக்கு இது உண்மையான பாதுகாப்பு என்பதை மறுக்க முடியாது. ஆயினும் கொடுப்பதற்கு ஒன்று வைத்திருப்பவரிடமே இப்பிரிவு பேசுகிறது. பிள்ளையும் இல்லை, பிடிமண்ணும் இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்ற அளவில் தொடங்கி முதியோர் இல்லங்களை மாநில அரசு நிறுவலாம் என்ற 19ஆம் பிரிவே மிஞ்சுகிறது. சங்கத்துக்குக் கட்டாயமாக இருந்த இடத்தில் அரசுக்கு விருப்பம் வைக்கப்பட்டிருக்கிறது.

சங்கம் உறுப்பினரை எண்ணிச் சொல்லக்கூடிய ஒரு குழு என்பதால் அதன் விதியை நாட்டுக்குப் பொருத்த முடியாது என்ற மறுப்பு வலுவானது. மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் அந்த எல்லையைத் தாண்டிச் சிந்தித்துப் பார்க்கப்பட்ட பாத்திரம் எனலாம். ஈன்ற தாயால் கைவிடப்பட்டு, வளர்த்த தந்தையாலும் வெளியேற்றப்பட்ட அவன், மதுரையில் பிச்சை எடுத்து, பார்வையற்றோரும் கேளாதோரும் கால் முடங்கியோரும் பேணுவாரற்றோரும் பிணியாளரும் உண்ட பின் எஞ்சியதை உண்டு வாழ்கிறான். பெற்றதைத் திருப்பித் தருவதே அறம் என்றால் அவன் செயலுக்கு விளக்கமே கிடையாது. ஆனால் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தபோதும் அது உணவை மட்டுமே தந்தது. மழை பெய்து நாடு செழித்ததும் அவனிடம் உண்ண வருவோர் இல்லாமற்போயினர். மழையால் தீரும் தேவை பசி. முதுமையின் தேவை அப்படிப்பட்டதன்று.

அத்தேவையை விநயம் நுணுக்கமாகவே அறிந்திருந்தது. மருந்து அமைத்துத் தரத் தெரிதல், ஒத்துக்கொள்வதையும் ஒத்துக்கொள்ளாததையும் அறிதல், ஆதாயம் கருதாது அன்பால் பணிபுரிதல், மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் ஆகியவற்றை அகற்ற அருவருப்படையாமை, நல்லுரையால் மனத்தைத் தேற்றுதல் என ஐந்து பண்புகளை அது நல்ல பணிவிடையாளருக்கு வகுக்கிறது. அதே பகுதியில், இறந்த பிக்குவின் பாத்திரத்தையும் ஆடையையும் அவரைப் பேணியவர்களுக்குச் சங்கம் அளிக்கலாம் என்ற விதியும் இருப்பது முதற்பார்வைக்கு முரணாகத் தெரிகிறது. ஆதாயம் நோக்கமாக இருக்கலாகாது, ஆனால் செய்த பணி வெறுங்கையோடு போகவும் கூடாது என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் விலகும். மாதச் சம்பளத்துக்கு வந்து, படுக்கைப்புண் வராமல் முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்து, அணையாடை மாற்றி, அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் பழங்கதைக்கு உம் கொட்டும் பெண்ணைக் கூலிக்காரி என்று ஒதுக்குவதற்கு விநயம் இடம் தராது. அந்த ஐந்தில் அவளிடம் நான்கு இருக்க, பெற்ற பிள்ளையிடம் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு, பேணுதலைப் பாசத்தின் பெயரால் மட்டுமே பேசும் குடும்பங்களுக்கு இன்னும் வரவில்லை.