கொடைக்குக் காவல் யார்?



உயிரோடிருக்கும் ஒருவர் தம் சிறுநீரகம் ஒன்றைப் பிறருக்கு அளிப்பதைத் திருச்சபை போற்றுகிறது. 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் உரோமையில் கூடிய உறுப்பு மாற்று வைத்திய நிபுணர்களிடம் பேசிய பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர், அதனை மெய்யான அன்பின் செயல் என்றே எடுத்துரைத்தார். கொடுப்பவரின் கடமை பற்றி நிறையப் பேசுகிறோம். பெற்றுக்கொள்ளும் சமுதாயத்தின் கடமை என்ன?

இலங்கையில் முதலாவது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை 1985இல் நடந்தது. இன்று கண்டியிலும் அது நடைபெறுகிறது. மாற்றிய சிறுநீரகம் சில மாதங்களில் சோர்வடைகிறது என்று வைத்துக்கொள்வோம். இரத்தத்தில் கிரியேற்றினின் ஏறுகிறது. உடல் அவ்வுறுப்பை எதிர்ப்பதே காரணமானால், எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். பீ.கே. வைரஸ் தொற்றே காரணமானால், அதே மருந்தைக் குறைக்க வேண்டும். அந்த மருந்தே சிறுநீரகத்துக்கு நஞ்சாகியிருக்கவும் கூடும். தவறாக ஊகித்தால், தானமாக வந்த உறுப்பைச் சிகிச்சையே அழித்துவிடும்.

இவற்றைப் பிரித்தறியும் வழிதான் பயொப்சி. ஊசியால் நூலளவு இழையம் எடுத்து, அதில் உள்ள நுண்வடிகளையும் குழாய்களையும் நுணுக்குக்காட்டியில் நோக்குவார்கள். நோய் எதிர்ப்புப் பொருள்கள் படிந்துள்ளனவா என்றும் சாயமிட்டுப் பார்ப்பார்கள். நுண்வடிகள் குறைந்தது பத்தாவது இருந்தால் நல்லது. இழையம் கெடுமுன் பார்க்க வேண்டும். முடிவு தாமதித்தால் பயனில்லை. ஆகவே இச்சேவை நோயாளிக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

கடுகண்ணாவையில் கண்டி பஸ் ஏறினால் பிலிமத்தலாவை தாண்டிப் பேராதனை வரும். 1962இல் தொடங்கிய அங்குள்ள மருத்துவ பீடத்தின் நோயியலாளர்கள் இத்துறையில் உழைத்து வந்துள்ளனர். வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும், காரணம் தெரியாத சிறுநீரக நோயின் இழையங்களை ஆராய்ந்து 2013இல் ஆய்வு வெளியிட்டவர்களுள் பேராசிரியை நீலகாந்தி ரத்னதுங்கவும் ஒருவர்.

வறிய நாட்டுக்கு இதெல்லாம் ஆடம்பரம் அல்லவா, அந்தப் பணத்தில் சுத்தமான குடிநீர் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நோய் வராமல் தடுப்பது முதற்கடமை. ஆனால் ஒருவருடைய உறுப்பை ஏற்றுக்கொண்ட பின்னர், அதைக் காப்பது தர்மம் அல்ல, நீதி. அவர் அதை இரண்டாம் முறை கொடுக்க முடியாது.

ஒழுக்கவியல், வெல்லமுடியாத அறியாமை என்றும் வெல்லக்கூடிய அறியாமை என்றும் இரண்டைப் பிரிக்கிறது. முன்னது மனிதனைக் குற்றவாளியாக்காது. பின்னது அப்படியல்ல. அறிவதற்கு வழி இருந்தும், கருவிக்கும் பயிற்சிக்கும் செலவிட மனமின்றி ஊகத்தால் மருந்து கொடுக்கும் சமுதாயம், நல்லெண்ணத்தைக் காட்டித் தப்ப முடியாது.

நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெய் வார்த்ததோடு நிற்கவில்லை. அடிபட்டவனைச் சத்திரத்தில் ஒப்படைத்தான், மேற்செலவையும் ஏற்றான். சத்திரக்காரனை யாரும் புகழ்வதில்லை. அவன் இல்லையேல் அந்த இரக்கம் வீதியோடு முடிந்திருக்கும். ஆய்வுகூடத்தில் குனிந்திருப்பவரும் அந்தச் சத்திரக்காரனே.

ஆதலால், வைத்தியர் பயொப்சி வேண்டுமென்றால் அஞ்சி ஓடாதீர்கள். இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து சிறிதளவு உண்டு. அதைக் கேட்டறிந்து, விளங்கிச் சம்மதியுங்கள். விஞ்ஞானம் படிக்கும் உங்கள் பிள்ளை ஆய்வுகூடத் தொழிலை நாடினால், "டொக்டராகவில்லையே" என்று குறைப்படாதீர்கள். பிறர் கொடுத்த உயிர்க்கொடையைக் காப்பதும் இறைபணியே.