வண்ணமும் வாழ்வும்

கிளாட் ஃப்ரீஸ்-கிரீன் என்பார் 1924 முதல் 1926 வரை பிரிட்டனின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனை வரை காரிற் சென்று, ‘தி ஓபன் ரோட்’ என்னும் வண்ணப்படம் எடுத்தார். அதன் முடிவிலே இலண்டன் மாநகர் வருகிறது. தேம்ஸ் ஆறு, சிவப்புப் பேருந்து, பூங்காவின் பசுமை! “அதுவன்றோ பொற்காலம்!” என்று பெருமூச்சு விடுவோர் உளர். அப்பெருமூச்சு அறமாகுமா? எண்ணிப் பார்ப்போம்.

கறுப்பு வெள்ளைச் சுருளில் நிறக்கண்ணாடி வழியே படம் பிடித்து, பின்னர் ஒரு படத்துக்குச் சிவப்பும் அடுத்த படத்துக்குப் பச்சையுமாகச் சாயம் ஏற்றினார் அவர். இரண்டும் விரைந்து ஓடும்போது கண்ணிலே கலந்து வண்ணமாயின. அசையாத மாளிகை தெளிவாய்த் தெரிந்தது; நடந்த மனிதனோ சிவப்பும் பச்சையுமாய்ச் சிதறினான். கல் துலங்கிற்று, கால் நடந்தவன் கலங்கினான்! ஏறத்தாழ 80 ஆண்டுகட்குப் பின்னரே கணினி அக்குறையைக் களைந்தது.

படத்தின் குறை தீர்ந்தது; பார்வையின் குறை தீர்ந்ததா? 1926 மே திங்களில், சுரங்கத் தொழிலாளரின் கூலி குறையாதிருக்க, பிரிட்டனில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தனர். முப்பது வயது நிரம்பாத பெண்ணுக்கு அன்று வாக்குரிமை இல்லை. 1928-இல்தான் ஆணுக்கு நிகராக 21 வயதில் கிடைத்தது. இவற்றை எந்தச் சாயம் காட்டும்?

பழமையைப் பார்ப்போம், பாடம் கற்போம், பணிந்து தொழ மறுப்போம். மாளிகையைக் கண்டு மயங்கும் கண், அதன் நிழலில் நடந்தவனையும் தேடட்டும்!